ஜெபிக்கிறவர்களுக்கும் ஒரு நாற்காலி போடுங்கள்

எங்கள் சபையில் மிஷனரி ஞாயிறன்று நடந்ததைப் பற்றி வாய் திறக்க வேண்டாம் என்றுதான் இருந்தேன். அந்தக் காணொளியை ஆளாளுக்கு எனக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். "உட்கார்ந்து ஜெபித்தது போதும், இனி ஊழியத்தில் பங்கெடுங்கள்" என்று மேடையில் ஒரு பெரியவர் முழங்கினாரே, கைதட்டலும் வாங்கினாரே, அதுதான். பிறகு காணிக்கை கொடுத்தவர்களைப் பெயர் சொல்லி அழைத்துச் சால்வை போர்த்தினார்கள். வெள்ளிதோறும் உபவாச ஜெபம் நடத்தும் தாய்மார்கள் பின்வரிசையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள்.

ஐயா, ஜெபிப்பதே ஊழியத்தில் பங்கெடுப்பதுதான். ரோமாபுரிச் சபைக்கு எழுதும்போது, தமக்காகச் செய்யும் ஜெபங்களில் தம்மோடுகூடப் போராடும்படி பவுல் வேண்டிக்கொள்கிறார் (ரோமர் 15:30). அந்தச் சபைக்கு அவர் அதுவரை போனதுகூட இல்லை.

ஜேம்ஸ் பிரேசர் என்ற ஆங்கிலேய மிஷனரி 1908-ல் சீனாவுக்குப் போனார். யுன்னான் மலைகளில் லிசு மக்களிடையே பல ஆண்டுகள் அலைந்தும் பெரிய பலனில்லை. என்ன செய்தார்? இங்கிலாந்தில் இருந்த தாயாருக்கு எழுதி ஒரு சிறு ஜெபக்குழுவைச் சேர்க்கச் சொன்னார். மலையில் நடப்பதையெல்லாம் அவர்களுக்கு விவரமாக எழுதினார். பின்னாளில் லிசு மக்கள் குடும்பம் குடும்பமாகக் கிறிஸ்துவிடம் திரும்பியபோது, அதைத் தாம் தனியாகச் சாதித்ததாக அவர் எண்ணவில்லை. இங்கேயும் நண்பர் சுவிசேஷ ஜெபக்குழு 1959-ல் ஜெபக்குழுக்களாகத்தான் முளைத்தது. மிஷனரிகளை அனுப்பியது பிறகு.

"ஜெபம் ஜீப்புக்கு டீசல் போடுமா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். போடாது. பணம் வேண்டும், யார் இல்லை என்றது? ஜெபிக்கிறேன் என்று சொல்லிப் பணப்பையைத் திறக்காதவர்கள் உண்டு. சால்வைக்காகவே திறக்கிறவர்களும் உண்டு. கணக்கு நேராகிவிட்டது. தேவனுக்குத்தான் எல்லாம் தெரியுமே, பிறகு ஏன் கேட்க வேண்டும் என்கிறவர்கள் முதலில் ஒரு வாரம் கேட்டுப் பார்த்துவிட்டு வரட்டும்.

என் அம்மா ஐந்தாம் வகுப்பு படித்தவர். ஜெபக் குறிப்பில் வரும் ஜார்க்கண்டின் ராஜ்மகால் மலைப்பகுதி மால்டோ பழங்குடிக் கிராமங்களின் பெயர்களை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார். ஆனால் அங்கே மலேரியாவும் காலா அசார் என்ற கருங்காய்ச்சலும் ஆட்களைக் கொண்டுபோகும் என்பது எங்கள் தெருவில் அவருக்கு மட்டும்தான் தெரியும். விடுமுறையில் வந்த மிஷனரி எங்கள் திண்ணையில் உட்கார்ந்ததும் அம்மா கேட்டார்: "சின்னவளுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டதா தம்பி?" அந்த மனிதர் அழுதுவிட்டார். சபையில் மற்றவர்கள் எல்லோரும் அவரிடம் கேட்டது, இந்த ஆண்டு எத்தனை பேருக்கு ஞானஸ்நானம் என்பதைத்தான்.

அந்த அம்மாவைப் பார்த்தா உட்கார்ந்தது போதும் என்கிறீர்கள்? மூட்டு வலியோடு அவர் உட்காரக்கூட இல்லை, முழங்காலில் நின்றார். இதே ஜெபத்தை நான்கு போதகர்கள் ஒலிபெருக்கியில் செய்தால் எழுப்புதல் கூட்டம் என்று சுவரொட்டி ஒட்டுவீர்கள். விதவைகளும் கிழவிகளும் செய்தால் அது பொழுதுபோக்கு. மிஷனரிப் பண்டிகைக்குச் சோறு பொங்க மட்டும் அவர்கள் வேண்டும்.

இதையெல்லாம் முகநூலில் எழுதாமல் கமிட்டியில் பேசக்கூடாதா என்பீர்கள். பேசினேன். "நல்ல கருத்து, அதற்காக ஜெபிப்போம்" என்று சொல்லிக் கூட்டத்தை முடித்துவிட்டார்கள்.