சும்மா விட்டால் வரி குறையாது

டெக்சாஸில் கிராமத்து நிலத்தைக் காட்டுயிர்களுக்கு விட்டுவிட்டால் சொத்து வரி குறையும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். சும்மா விட்டால் குறையாது. முந்தைய ஆண்டே அந்த நிலம் விவசாய மதிப்பீட்டில், அதாவது விவசாய நிலம் என்று குறைந்த வரி போடும் கணக்கில், இருந்திருக்க வேண்டும். வரியும் விவசாய அளவிலேயேதான் நீடிக்கும். அந்த வரிக்காக மாடு வளர்க்கத் தேவையில்லை என்பதுதான் லாபம். 1995இல் வாக்காளர்கள் ஒப்புதல் தந்த ஏற்பாடு இது.

வாழிடப் பராமரிப்பு, மண்ணரிப்புத் தடுப்பு, தண்ணீர், தீனி, கூடு, கணக்கெடுப்பு, கொன்றுண்ணிக் கட்டுப்பாடு என்ற ஏழில் மூன்றையாவது செய்தாக வேண்டும். நாங்கள் தண்ணீர்த் தொட்டி வைத்தோம். சின்னப் பறவைகள் மூழ்கிவிடாமல் இருக்க உள்ளே சரிவாகக் கல் அடுக்கினோம். ஜூலை வெயிலில் பெயின்டட் பன்டிங் என்ற சின்னப் பறவை ஒன்று வந்து அந்தக் கல்லில் உட்கார்ந்தது. நீலத் தலை, சிவப்பு வயிறு, முதுகில் பச்சை! அன்றைக்கு வேறு வேலையே ஓடவில்லை.

எங்கள் பக்கம் அதிகம் வருவது நம்மூர்ப் புள்ளிமான்தான். 1930களில் இங்கே கொண்டுவந்து விடப்பட்டது. இந்த மண்ணின் விலங்கு இல்லை என்பதால் அதைக் காட்டிச் சலுகை கேட்க முடியாது. பார்க்க ஆசையாக இருந்தாலும், உள்ளூர் வெள்ளைவால் மானின் தீனிக்குப் போட்டி அது.

விண்ணப்பத்தை ஏப்ரல் முடிவதற்குள் கொடுத்துவிடுங்கள். செய்த வேலைக்குப் படம், ரசீது எல்லாம் பத்திரம்.