மலைவளர்காதலி யாருக்குக் காதலி?

அந்தப் பேனர் படத்தை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்துட்டேன். கீழே இருக்கிற கமெண்ட் முழுக்கவும் படிச்சுட்டேன்.

எங்க கரையோரத்துக் காதுகுத்து பேனர் ஒண்ணை ஆளாளுக்குக் கேலி பண்ணிப் பகிர்றாங்க. பிள்ளை பேர் மலைவளர்காதலி. "யாருக்குக் காதலி?"ன்னு ஒருத்தர். "அப்பன் பழசை மறக்கலை போல"ன்னு இன்னொருத்தர். "கடற்கரையில எங்கடா மலை?"ன்னு ஒரு புவியியல் மேதை. போதாக்குறைக்குப் பிள்ளைப்பேர் சொல்லித் தர்ற ஒரு பக்கத்துக்காரர் வந்து, இது அண்மைக்காலத்தில் உருவாக்கின பேர், மூலம் தெரியலைன்னு தீர்ப்பே எழுதிட்டுப் போயிட்டார்.

மூலம் தெரியலையா? பாம்பன் பாலம் தாண்டி வந்து, இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடி, சொட்டச் சொட்ட நின்னு ராமநாதரைக் கும்பிட்டுட்டுப் போறீங்களே, அவருக்கு வலப்பக்கம் தனிச் சந்நிதியில் ஒருத்தி இருக்காளே, அவ பேர் அது. ராமேஸ்வரத்து அம்மன் பேர். வடமொழியில் பர்வதவர்த்தினி, தமிழில் மலைவளர்காதலி. வெள்ளிக்கிழமை ராத்திரி தங்கப் பல்லக்கில் மூன்றாம் பிரகாரம் சுத்தி வர்றவ. ஆடி மாசம் பதினேழு நாள் திருக்கல்யாண விழா நடக்கறது அவளுக்குத்தான். இது புதுசா உருவாக்கின பேர் இல்லை. அரிதா வைக்கிற பேர். ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு.

சரி, "காதலி"க்கு வருவோம். எல்லாரும் வழுக்கி விழுந்த இடம் அதுதான். இன்னைக்குக் காதலின்னா ஒரே பொருள். பழைய தமிழில் காதல்னா பேரன்பு, அது யார் மேல இருந்தாலும். காதலன்னா மகன்னும் பொருள் உண்டு, காதலின்னா மகள்னும் பொருள் உண்டு. நல்ல அகராதி ஒண்ணை எடுத்துப் புரட்டிப் பாருங்க. அப்ப மலைவளர்காதலின்னா மலையில் வளர்ந்த அன்பு மகள். மலையரசன் இமவான் மகள். அவ்வளவுதான். பார்வதிங்கிற பேருக்கும் இதே பொருள்தான், பர்வதத்தின் மகள். மலைமகள்னாலும் இதேதான். பார்வதின்னா சிரிப்பு வரலை, மலைமகள்னா சிரிப்பு வரலை, அதையே இன்னும் அழகா சொன்னா விழுந்து விழுந்து சிரிப்பு.

'வர்த்தினி'யும் அப்படித்தான். விருத்தின்னு சொல்றோமே, அதே வேர். வளர்றது, பெருகுறது. திருவையாற்று தர்மசம்வர்த்தினி தமிழில் அறம்வளர்த்தநாயகி ஆன மாதிரி இங்கே பர்வதவர்த்தினிக்கு மலைவளர்காதலி. நாகப்பட்டினத்து நீலாயதாட்சி கருந்தடங்கண்ணி. மதுரை மீனாட்சி அங்கயற்கண்ணி. இப்படி சோடி சோடியா பேர் இருக்கிற ஊர்கள் நம்ம ஊர்கள். ஒண்ணைத் தெரிஞ்சுக்கிட்டு இன்னொண்ணைப் பார்த்துச் சிரிக்கிறது அறிவாளித்தனம் இல்லை.

"அது சாமி பேரு. பிள்ளைக்கு வைக்கவா அது?"ன்னு கேப்பீங்க. எங்க பக்கம் வீட்டுக்கு ஒரு ராமநாதன் இருக்கான். ராமலிங்கம், முத்துராமலிங்கம், சேது, சேதுராமன் எல்லாம் தெருவுக்கு நாலு. அதெல்லாம் எந்தக் கோயில்ல இருந்து வந்துச்சு? ஆம்பளைப் பிள்ளைக்கு சாமி பேரு வச்சா பாரம்பரியம், பொம்பளைப் பிள்ளைக்கு அதே கோயில் அம்மன் பேரை வச்சா பேனர் படம்.

இந்தக் கரையோரத்தில் அம்மன் பேர்தான் பொம்பளைப் பேருக்கு ஊற்று. உத்தரகோசமங்கையைச் சுத்தி மங்களேஸ்வரிகள். திருவாடானையைச் சுத்தி சிநேகவல்லிகள். ஒரு ஊரே தன் பெண்களுக்கு அன்புன்னு பேர் வச்சிருக்கு, அதுல கேலி பண்ண என்ன இருக்கு? திருப்புல்லாணித் தாயார் பத்மாசனி. மாரியூர் கடற்கரையில் பூவேந்தியநாதருக்குப் பக்கத்தில் பவளநிறவல்லி. மன்னார் வளைகுடாவில் பவளப்பாறை கிடக்கிற கரையில் அம்மனுக்குப் பவள நிறம்னு பேர் வச்சவனைக் கையெடுத்துக் கும்பிடணும். பேர் ஊரைச் சொல்லும். தங்கச்சிமடத்தில் "சந்தியா"ன்னு கூப்பிட்டா மீசை வச்ச ஆம்பளை திரும்பிப் பார்ப்பார். அங்கே அது சர்ச்ல இருக்கிற புனிதர் சந்தியாகப்பர் பேர். ஊர்ல ஒருத்தரும் சிரிக்கிறதில்லை. வெளியூர்க்காரங்களுக்கு மட்டும்தான் சிரிப்பு.

அப்புறம் ஏன் இந்தப் பேர் அரிதாச்சுன்னு கேட்டா, அது நியாயமான கேள்வி. முதல் காரணம், வாயில் தேயுறது. பர்வதவர்த்தினின்னு வச்சாலும் வீட்ல பருவதம்தான், அப்புறம் பதிவேட்டிலேயே பர்வதம்னு நின்னுடும். மலைவளர்காதலியை எப்படிச் சுருக்குவீங்க? மலைன்னா, காதலின்னா? சுருக்க முடியாத பேர் புழங்காது. ரெண்டாவது காரணம் நாக்கு இல்லை, வெட்கம். திருவண்ணாமலை அம்மன் உண்ணாமுலை. அந்தப் பேரைச் சொல்லக் கூசி, பிள்ளைகளுக்கு உண்ணாமலைன்னு மாத்தி வச்சாங்க. செட்டிநாட்டுப் பக்கம் எத்தனை உண்ணாமலை ஆச்சிகள். அந்த மாதிரி காதலியை மாத்த வழியில்லை, அதனால பேரையே விட்டுட்டாங்க.

மூணாவது, இப்ப பேர்ல 'ஷ்' இருந்தாத்தான் பேர். இதைப் பத்தி நான் எதுவும் சொல்லலை.

"பேர் ரொம்ப நீளம்"ங்கிற ஆட்சேபத்தை எண்ணியே முடிச்சிடலாம். மலைவளர்காதலி எட்டு எழுத்து. பர்வதவர்த்தினி ஒம்பது. வடமொழிப் பேர் நீளம், தமிழ்ப் பேர் ஒரு எழுத்து குறைச்சல். நட்சத்திரம் பார்க்கிறவங்களுக்கும் குறை இல்லை, மகத்துக்கு 'ம', உத்திரத்துக்கு 'ப'.

"பள்ளிக்கூடத்தில் பிள்ளையைக் கேலி பண்ணுவாங்களே"ன்னு ஒரு அக்கா அக்கறையா எழுதியிருந்தாங்க. ஒத்துக்கிறேன், நடக்கும். ஆனா இப்ப கேலி பண்ணினது அஞ்சு வயசுப் பிள்ளையா? நாற்பது வயசு ஆளுங்க. பிள்ளைக்குக் காது குத்தி இன்னும் புண் ஆறலை.

கேலியை விட நிஜமான தொல்லை காகிதத்தில்தான் இருக்கு. அதைச் சொல்ல ஒருத்தரும் வரலை, அதனால நானே சொல்றேன். இந்தப் பேர் வைக்கணும்னு நினைக்கிறவங்க கவனமா கேளுங்க.

பிறந்த 21 நாளுக்குள் பிறப்பைப் பதியணும். நகராட்சின்னா சுகாதார ஆய்வாளர், கிராமம்னா வி.ஏ.ஓ., அரசு ஆஸ்பத்திரியில் பிறந்தா அங்கேயே. பேர் முடிவாகலைன்னா பேரில்லாமப் பதியலாம். பதிஞ்ச நாள்ல இருந்து ஒரு வருஷத்துக்குள் கட்டணம் இல்லாமப் பேர் சேர்க்கலாம். அதுக்கு மேல தாமதக் கட்டணம் கட்டி 15 வருஷம் வரை சேர்க்கலாம். அதனால அவசரப்படாதீங்க. ஏறின பேரை மாத்துறதுதான் கஷ்டம்.

இங்கிலீஷ் எழுத்துலதான் கண்ணி. நம்ம ல, ள ரெண்டுக்கும் அங்கே ஒரே 'எல்'. 'கா'வுக்கு ஒத்தை 'ஏ' போட்டீங்கன்னா, நாளைக்கு எதோ ஒரு கம்ப்யூட்டர் அதைத் திருப்பித் தமிழாக்கும்போது 'மலைவலர்கதலி'ன்னு அடிச்சுத் தரும். கதலின்னா வாழை. பெத்த பிள்ளை மலைவாழை ஆயிடும். அதனால 'கா'வுக்கு ரெண்டு 'ஏ'. 'த'வுக்கு டைகர் டி, கூடவே எச். டெல்லி டி போட்டா 'காடலி', ஒத்தை 'ஏ'யும் சேர்ந்தா 'கடலி'. கரையோரத்துக்குப் பொருத்தம்தான், ஆனா வேண்டாம். நடுவுல இடைவெளி விடவே விடாதீங்க. விட்டா மூணு சொல்லாப் பிரிஞ்சு, குடும்பப் பேர் கேக்குற படிவத்தில் 'காதலி' போய் குடும்பப் பேர்க் கட்டத்தில் உக்காந்துக்கும். பிறப்புச் சான்றில் எப்படி இருக்கோ அதே எழுத்து ஆதாரிலும் இருக்கணும். ஆதாரில் பேர் திருத்தம் ஆயுசுக்கு ரெண்டே தடவைதான். பத்தாம் வகுப்புப் பெயர்ப்பட்டியல் பள்ளியில இருந்து போகும்போது ஒருமுறை நேர்ல போய்ப் பாருங்க, தமிழ்ல ஒண்ணு, இங்கிலீஷ்ல ஒண்ணு, ரெண்டையும்.

இது சின்ன விஷயம்னு நினைக்காதீங்க. மீனவ மகளிர் சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் அந்தப் பொம்பளைங்க கட்டுறது 1500 ரூபாய், அரசு 3000 சேர்த்து 4500 ஆ திரும்ப வரணும். கருவாடு காயப்போட்டு மிச்சம் பிடிச்ச காசு. பாஸ்புக்கில் பர்வதம், ஆதாரில் பர்வதவர்த்தினின்னு இருந்தா அந்தக் காசு நடுவுல நிக்கும். காசு கட்டின பொம்பளை ஒவ்வொரு எழுத்துக்கும் அலையணும். அந்தப் பேரைச் சுருக்கினது அவங்க இல்லை. எழுதினவருக்குச் சோம்பல்.

"தமிழ்ப் பேர் வெறி"ன்னு சொல்லப் போறவங்களுக்கும் சேர்த்துச் சொல்லிடறேன். நான் பர்வதவர்த்தினியை வேண்டாங்கலை. ரெண்டும் ஒருத்தி பேர்தான். எது வேணா வைங்க, எதுவும் வைக்காமயும் போங்க. வைச்ச வீட்டைப் பார்த்துச் சிரிக்காதீங்க. அந்த வீட்ல யாரோ ஒருத்தர் உக்காந்து யோசிச்சிருக்காங்க. பிள்ளைப்பேர்ப் பக்கத்தில் முதல் வரியில் வந்த பேரை எடுத்து ஒட்டலை. கடற்கரைச் சனம்னா எதையாவது கிறுக்குத்தனமா வைக்கும்னு உங்களுக்கு ஒரு நினைப்பு இருக்கே, எனக்கு எரியுறது அங்கேதான். பிரகாரத் தூணுக்கு முன்னாடி நின்னு செல்ஃபி எடுக்கத் தெரியுது, உள்ளே இருக்கிறவ பேர் தெரியலை.

கடைசியா, பேனர் அடிச்ச தம்பிக்கு மட்டும் ஒண்ணு. நீ 'மலைவளர்க்காதலி'ன்னு நடுவுல ஒரு 'க்' போட்டிருக்கே. 'வளர்காதலி' வினைத்தொகை, அதுல வல்லினம் மிகாது. படத்தில் இருந்த ஒரே தப்பு அதுதான். நானூறு கமெண்ட்டில் ஒருத்தர் கண்ணுக்கும் அது படலை.