தாத்தாவுக்கு ஒரு முத்தம் குடு

போன வாரம் சொந்தத்தில் ஒரு காதுகுத்து. மண்டபத்துக்குள் நுழைந்ததுமே ஒரு பெரியவர் என் ஐந்து வயது மகளை வாரித் தூக்கிக்கொண்டார். அவள் உடம்பை வில்லாய் வளைத்து, இரண்டு கையாலும் அவர் நெஞ்சைத் தள்ளுகிறாள். "தாத்தாவுக்கு ஒரு முத்தம் குடு, அப்பதான் இறக்கிவிடுவேன்." சுற்றி நின்றவர்களுக்கு ஒரே சிரிப்பு. தாடி குத்திக் கன்னம் சிவந்துவிட்டது.

"அவளுக்குப் பிடிக்கல மாமா, இறக்கி விட்ருங்க" என்றேன். இறக்கிவிட்டார். முகம் சுண்டிப்போயிற்று. பந்தியில் நாத்தனார் காதோரம் வந்து, "பாசமா தூக்குறதுகூடக் குத்தமா? புள்ளைய யாரோடயும் ஒட்டவிடாம வளக்குற" என்றார்.

அந்த மாமா நல்ல மனிதர். என் கல்யாணத்துக்கு ஓடியாடி வேலை பார்த்தவர். எனக்கு அவர்மேல் எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் பள்ளிக்கூடத்தில் 'பிடிக்கலன்னா வேணாம்னு சத்தமா சொல்லு' என்று பழக்குகிறார்கள். அதையே வீட்டு விசேஷத்தில் சொன்னால் திமிர் என்கிறோம். பிள்ளை எதை நம்பும்?

எனக்கு எட்டு வயதிருக்கும். ஒரு சொந்தக்காரர் வரும்போதெல்லாம் மடியில் இழுத்து உட்கார வைத்துக்கொள்வார். அவர் செருப்பை வாசலில் பார்த்தாலே கொல்லைப்பக்கம் ஓடி ஒளிவேன். அம்மா தேடிப் பிடித்து, "பெரியவங்க கூப்டா வரணும்" என்று கொண்டுவந்து விடுவார். அம்மா மேல் இன்று கோபமில்லை. ஆனால் அதற்குப் பிறகு எதையுமே அம்மாவிடம் சொல்லத் தோன்றவில்லை. எனக்குப் பயமே அதுதான்.

2007-இல் ஒன்றிய அரசு 13 மாநிலங்களில் எடுத்த ஆய்வில், குழந்தைகளிடம் பாலியல் அத்துமீறல் செய்தவர்களில் பாதிப்பேர் அந்தக் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்குரியவர்கள். 2012-இல் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் வந்தது, குழந்தைகளுக்கான உதவி எண் 1098 இருக்கிறது. எல்லாம் குழந்தை வாய் திறந்த பிறகுதானே?

மரியாதைக்கு நம்மிடம் கைகூப்பி வணக்கம் சொல்லும் வழக்கம் இருக்கிறது. "வாங்க தாத்தா" என்று கேட்க வேண்டும், அது என் வீட்டில் கட்டாயம். கட்டிக்கொள்வதும் முத்தம் கொடுப்பதும் அவள் இஷ்டம்.

எங்கள் அப்பத்தாவுக்கு இதைச் சொன்னபோது ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை, குளித்துவிட்டு வந்தவளிடம், "அப்பத்தா ஒரு முத்தம் வச்சுக்கட்டுமா தங்கம்?" என்று கேட்டார். அவள் கொஞ்சம் யோசித்து, புறங்கையை நீட்டினாள்.