அடுத்த துறையிலும் வேலை கேளுங்கள்

வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் பட்டம் முடித்து, அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முதுமாணிக்கோ கலாநிதிப் பட்டத்துக்கோ சேரும் நம் பிள்ளைகள் பலர், தமது துறையில் கற்பித்தல் உதவியாளர் (சம்பளத்துக்கு வகுப்பு எடுத்தும் விடைத்தாள் திருத்தியும் உதவும் பட்டப்பின்படிப்பு மாணவர்) இடம் இல்லை என்ற பதில் வந்ததும் தேடுவதையே விட்டுவிடுகிறார்கள். முதுமாணி மாணவருக்கு இந்தப் பதில் அடிக்கடி வருகிறது. கையில் உள்ள பணத்தைப் பெரும்பாலான துறைகள் கலாநிதி மாணவருக்கே முதலில் ஒதுக்குகின்றன. அப்படி வந்தால், உங்கள் ஆய்வுக்கு நெருக்கமான இன்னொரு துறையைத் தேடுவதை விட, முதலாமாண்டு மாணவர் நிறைந்த துறையைத் தேடுவதே மேல் என்பது என் கருத்து.

எத்தனை உதவியாளர் தேவை என்பதைத் தீர்மானிப்பது வகுப்புகளின் எண்ணிக்கைதான். நுண்கணிதம், அறிமுகப் புள்ளிவிபரவியல், கணினி நிரலாக்கம், இரசாயனவியல் செய்முறை ஆகியவற்றை அந்தந்தத் துறை மாணவர் மட்டும் படிப்பதில்லை; பொறியியல், உயிரியல், வணிகம் படிப்போரும் அங்கேதான் வந்து சேருகிறார்கள். ஆகவே அத்துறைகளின் சொந்தப் பட்டப்பின்படிப்பு மாணவர் எல்லா வகுப்புகளுக்கும் போதாமற் போவதுண்டு. பொதுச் சுகாதாரம், கல்வியியல் போன்ற துறைகளுக்கும் புள்ளிவிபரவியல் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். தமிழை ஒரு மொழிப்பாடமாகக் கற்பிக்கும் பல்கலைக்கழகங்களும் சில உண்டு. அங்கே படிக்கப் போகிறவர், தாம் பௌதிகவியல் மாணவரே ஆனாலும், அந்தத் துறைக்கு ஒரு மின்னஞ்சல் எழுதிப் பார்ப்பதில் நட்டமில்லை.

இங்கேதான் நம்மவரின் ஒரு பழைய மனக்குறையைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. ஒரே பாடத்தை ஆழமாகப் படிக்கும் சிறப்புப் பட்டத்துக்குத் தெரிவாகாமல் மூன்று பாடங்களோடு பொதுப் பட்டம் பெற்றவர்கள் தம்மை ஒருபடி கீழானவர்களாகவே கருதிப் பழகிவிட்டார்கள். வீட்டாரும் அப்படியே கருதுகிறார்கள். ஆனால் வேறொரு துறையில் முதலாமாண்டு வகுப்பு எடுக்க விண்ணப்பிக்கும்போது கேட்கப்படும் கேள்வி, அந்தப் பாடத்தை இவர் முறையாகப் படித்திருக்கிறாரா என்பதே. கணிதம், பௌதிகவியல், கணினி விஞ்ஞானம் மூன்றையும் படித்தவர் மூன்று துறைகளுக்கும் ஆம் என்று பதில் எழுதலாம்.

இதோடு ரியூட்டரி (தனியார் வகுப்பு) அனுபவமும் சேரும். உயர்தரப் பெறுபேறு வந்து பல்கலைக்கழக அனுமதி கிடைக்கும்வரை உள்ள காலத்தில் பரந்தனிலோ மாங்குளத்திலோ புதுக்குடியிருப்பிலோ இணைந்த கணிதம் சொல்லிக்கொடுக்காத கெட்டிக்காரப் பிள்ளைகள் வன்னியில் அரிது. பலர் அதைச் சுயவிபரக்கோவையில் எழுதக் கூச்சப்படுகிறார்கள், அல்லது ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். (நாம் பணம் கொடுத்துப் படித்த இடத்தை நாமே மதிப்பதில்லை, என்ன செய்வது!) எந்தப் பாடத்திட்டம், எத்தனை பேர் கொண்ட வகுப்பு, வினாத்தாளைத் தாமே தயாரித்தார்களா, விடைத்தாள் திருத்தினார்களா என்பவற்றை விரிவாக எழுத வேண்டும். ஒரு துறை உதவியாளரிடம் எதிர்பார்ப்பதும் ஏறத்தாழ இதே வேலைகளைத்தான்.

நடைமுறையில் கவனிக்க வேண்டியவையும் உண்டு. துறைத் தலைவருக்கு எழுதுவதைவிட, பட்டப்பின்படிப்பு அலுவல்களைப் பார்க்கும் அலுவலருக்கும் பெரிய முதலாமாண்டுப் பாடங்களை ஒருங்கிணைக்கும் விரிவுரையாளருக்கும் எழுதுவது பயன் தரும். மாணவர் பதிவு முடிந்து, எதிர்பாராமல் வகுப்புகள் கூடும் செமஸ்டர் தொடக்கத்தை ஒட்டிய நாட்களில் மறுபடியும் ஒருமுறை கேட்க வேண்டும். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர் செமஸ்டர் நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரத்துக்கு 20 மணித்தியாலங்களுக்கு மேல் வேலை செய்ய முடியாது. இரண்டு துறைகளில் பாதி பாதியாக வேலை கிடைத்தாலும் இரண்டும் சேர்ந்தே அந்தக் கணக்கில் வரும். கல்விக் கட்டண விலக்கு உண்டா என்பதைக் கையொப்பமிடும் முன் எழுத்தில் கேட்டு உறுதிசெய்ய வேண்டும், ஏனெனில் மணித்தியாலக் கூலிக்கு விடைத்தாள் திருத்தும் வேலையில் அது பெரும்பாலும் இராது. வெளிநாட்டு மாணவர் வகுப்பு எடுக்குமுன் பேச்சு ஆங்கிலத் தேர்வு ஒன்றில் தேற வேண்டும் என்று பல பல்கலைக்கழகங்கள் கேட்கின்றன. அதைக் கடைசி நேரத்துக்கு விட்டுவைப்பது ஆபத்து. சொந்த மேற்பார்வையாளரிடம் முதலிலேயே சொல்லிவிடுவதும் நல்லது. அவர் மறுப்பார் என்று நாமாகவே முடிவுகட்டுவது நம் ஊர்ப் பழக்கம். தம்மால் பணம் தர முடியாத மாணவருக்கு வேறிடத்தில் வழி பிறந்தால் மகிழும் பேராசிரியர்களே அதிகம் இருப்பார்கள் என நினைக்கிறேன்.

இதை இங்கேயே செய்து பழகவும் வழியிருக்கிறது. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய, தொழில்நுட்ப பீடங்கள் இருக்கின்றன. பொறியியல் மாணவருக்குக் கணிதம் வேண்டும், விவசாய மாணவருக்குப் புள்ளிவிபரவியல் வேண்டும். அங்கிருந்து ஏ9 வீதியில் தெற்கே போனால், 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவின் பிரயோக விஞ்ஞான பீடத்திலிருந்து அப்பாடங்களைப் படித்த பட்டதாரிகள் வெளியேறுகிறார்கள். தற்காலிகப் போதனாசிரியர், செய்முறை உதவியாளர் வெற்றிடங்களை இரண்டு பல்கலைக்கழகங்களும் எல்லாத் துறைகளுக்கும் சேர்த்து ஒரே அறிவித்தலாக வெளியிட்டால், வவுனியாப் பல்கலைக்கழகம் இருக்கும் பம்பைமடுவில் உள்ள ஒருவர் அறிவியல்நகரின் வெற்றிடத்தை நண்பர் சொல்லித்தான் அறிய வேண்டும் என்ற நிலை இராது.