இன்டேர்ன் வேறு, சத்திரசிகிச்சைப் பயிற்சி வேறு

தம்பி, "வன்னி ஆஸ்பத்திரிகளில் இன்டேர்ன்மார் ஏழைகளை வெட்டித்தான் தொழில் பழகுகிறார்கள்" என்று மேலே எழுதியிருப்பது பிழை. நான் வவுனியாவில் சத்திரசிகிச்சைத் தியேட்டர் தாதியாக வேலை செய்தவள். இன்டேர்ன் என்பவர் பட்டம் முடித்து 1 வருடம், 6 மாதத்துக்கு ஒரு பிரிவாக வேலை பழகுபவர். சத்திரசிகிச்சை நிபுணராவதற்குப் பாதையே வேறு: கொழும்பில் பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தின் தேர்வு, பல வருடப் பயிற்சி, எம்டி என்னும் மேற்பட்டப் பரீட்சை, பிறகு வெளிநாட்டிலும் பயிற்சி. அந்தப் பயிற்சியில் இருப்பவர்கள் முதலில் பெரிய டாக்டர் வெட்டிய இடத்தை விரித்துப் பிடிப்பார்கள், பிறகு தையல். கத்தி கைக்கு வரும்போதும் பெரிய டாக்டர் எதிரே நிற்பார். கதிரைக் கைப்பிடியில் நூலைக் கட்டி, பாராமலே முடிச்சு விழும்வரை இரவிரவாகப் பழகிய ஒரு பிள்ளையை நான் கண்டிருக்கிறேன். இப்படி எழுதிப் பயமுறுத்தினால், குடல்வளரி (அப்பென்டிக்ஸ்) வெடிக்கும்வரை சனம் வீட்டிலேயே கிடக்கும்.