எத்தனையாவது நாளில் போட்டீர்கள்?

போன மாதம் ஒரு நாள் இரவு பதினொன்றரை மணிக்கு, என்னோடு வேலை பார்க்கும் பெண் அழைத்தாள். வயது 23. "அக்கா, நாலு நாள் தள்ளிப் போயிருக்கு. மாத்திரை போட்டும் வரலை. மூணு டெஸ்ட் எடுத்துட்டேன், மூணுலயும் ஒரே கோடுதான்." கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் குரலைத் தாழ்த்தி, "எனக்கு இனிமே குழந்தையே பிறக்காதாக்கா?" என்றாள்.

அந்தக் கேள்விதான் என்னை இதை எழுத வைத்தது. இரண்டு வாரமாக அதை மனதுக்குள் வைத்துக்கொண்டு வேலைக்கு வந்து போயிருக்கிறாள். அவள் போட்டது, பாதுகாப்பில்லாத உறவுக்குப் பிறகு கரு உருவாகாமல் தடுக்கும் அவசரக் கருத்தடை மாத்திரை. அதைக் கொடுத்தவர் சொன்னது "72 மணி நேரத்துக்குள்ள போடணும்" என்பது மட்டும்தான்.

"எத்தனையாவது நாள்ல போட்ட?" என்று கேட்டேன். அவளுக்குப் புரியவில்லை. கடைசியாக பீரியட்ஸ் தொடங்கிய தேதியை 1 என்று வைத்து எண்ணச் சொன்னேன். போனில் காலண்டரைத் திறந்து சத்தமாக எண்ணினாள். 17 வந்தது. அவளுக்கு 28 நாள் சுழற்சி. கருமுட்டை அநேகமாக வெளியே வந்த பிறகு போட்டிருக்கிறாள்.

எனக்கு 26 வயதில் இதே மாத்திரையில் நேர்மாறாக நடந்தது. நான் போட்டது 9வது நாளில். 20வது நாளே பீரியட்ஸ் வந்துவிட்டது. உள்ளே ஏதோ அறுந்துவிட்டது என்றே நினைத்தேன், யாரிடமும் கேட்கவில்லை. ஒரே மாத்திரை, எனக்கு முன்கூட்டியே வந்தது, அவளுக்குத் தள்ளிப் போனது. இரண்டுமே சாதாரணமாக நடப்பவைதான்.

பரவலாகக் கிடைக்கும் மாத்திரையில் இருப்பது லெவோநார்ஜெஸ்ட்ரெல், 1.5 மில்லிகிராம். சினைப்பையிலிருந்து முட்டை வெளிவருவதற்கு முன்னால் எல்.எச். என்ற ஹார்மோன் கிடுகிடுவென ஏறும். அது ஏறுவதற்குள் மாத்திரை உள்ளே போனால் அந்த ஏற்றத்தை அமுக்கி, முட்டை வருவதைத் தள்ளிப்போடும். ஏறிவிட்ட பிறகு அதனால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. அதனால்தான் எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு நல்லது. ஏற்கெனவே உருவான கருவை இது கலைக்காது. 'கலைக்கிற மாத்திரை' என்று இதைச் சொல்வதை தயவுசெய்து நிறுத்துங்கள், அந்த ஒரு சொல்லால் எத்தனை பெண்கள் குற்ற உணர்ச்சியோடு திரிகிறார்கள்!

சுழற்சியின் தொடக்கத்தில் போட்டால் பீரியட்ஸ் பெரும்பாலும் சீக்கிரம் வரும். முட்டை வந்த பிறகு போட்டால் தேதிக்கு வரும், அல்லது சில நாள் தள்ளும். 120 மணி நேரம் வரை போடக்கூடிய யூலிப்ரிஸ்டல் அசிடேட் என்ற இன்னொரு மாத்திரையில் சராசரியாக 2, 3 நாள் தள்ளிப் போகும். எதுவானாலும் பெரும்பாலோருக்கு எதிர்பார்த்த தேதிக்கு ஒரு வாரம் முன்பின்னாக வந்துவிடும். நடுவில் திட்டுத்திட்டாக ரத்தம் படலாம். அதை பீரியட்ஸ் கணக்கில் சேர்க்காதீர்கள். அடுத்த மாதம் பொதுவாகப் பழைய கணக்குக்கே திரும்பிவிடும். பின்னாளில் குழந்தை பிறப்பதை இது தடுக்காது, மருந்து சில நாளில் உடம்பை விட்டுப் போய்விடும். மாதத்துக்குப் பலமுறை போட்டால் தேதிகள் குழம்பும், வழக்கமான கருத்தடை அளவுக்குப் பாதுகாப்பும் கிடைக்காது.

நிறையப் பேர் கோட்டை விடுகிற இடம் ஒன்று உண்டு. முட்டை வருவது தள்ளிப் போயிருக்கிறது என்றால், அது சில நாள் கழித்து வரப்போகிறது என்றுதான் அர்த்தம். மாத்திரை போட்டாச்சே, இந்த மாதம் பயமில்லை என்று நினைத்து அடுத்த வாரம் பாதுகாப்பில்லாமல் இருந்தால், சரியாக அந்த முட்டையிடம் போய் மாட்டிக்கொள்வோம். போட்ட நேரத்துக்கு முன்னால் நடந்த உறவுக்குத்தான் மாத்திரை. அதற்குப் பிறகு ஆணுறையோ வேறு வழியோ கட்டாயம் வேண்டும்.

அவளுடைய அந்த மூன்று டெஸ்டுகளையும் கூட அப்படியே நம்பிவிட முடியாது. உறவு நடந்து பதினாறு நாள்தான் ஆகியிருந்தது. 21 நாள் கழித்து எடுத்தால்தான் 'இல்லை' என்பதை நம்பலாம். ஒரு வாரத்துக்கு மேல் தள்ளினாலோ, வழக்கத்தைவிட மிகக் குறைவாகப் பட்டாலோ டெஸ்ட் எடுக்க வேண்டும். அடிவயிற்றில் கடுமையான வலி இருந்தால் வீட்டில் உட்கார்ந்து தேதி எண்ணாமல் உடனே டாக்டரிடம் போங்கள், கரு குழாயில் தங்கியிருக்கவும் வாய்ப்புண்டு. வலிப்புக்கான கார்பமாசெபைன், ஃபெனிடோயின், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் சாப்பிடுபவர்களுக்கு இந்த மாத்திரைகளின் பலன் குறையும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உறவு நடந்த 5 நாளுக்குள் கருப்பையில் பொருத்தும் காப்பர்-டி அவர்களுக்கும் வேலை செய்யும், எல்லாவற்றையும்விட நிச்சயமானதும் அதுதான்.

இவ்வளவையும் சொல்ல எனக்கு அன்று பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மாத்திரையைக் கொடுப்பவர் "தேதி ஒரு வாரம் முன்ன பின்ன ஆகலாம், அதுக்கு மேல போனா டெஸ்ட் எடுங்க" என்று சொல்ல அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்தில் பலர் நம் முகத்தைப் பார்த்து எடைதான் போடுகிறார்கள். எனக்கு ஆத்திரமாக இருக்கிறது.

34வது நாள் காலையில் அவளிடமிருந்து குறுஞ்செய்தி: "வந்துடுச்சுக்கா." கூடவே காலண்டரின் படம். அன்றைய தேதியில் 1 என்று குறித்து வைத்திருந்தாள்.