ஒருவர் 95 எடுத்தால் மற்றவர்கள் ஃபெயிலா?

"ரிலேட்டிவ் கிரேடிங்கில் டாப்பர் 95 எடுத்தால் கடைசி பெஞ்சுக்கு அரியர்தான்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு. ரிலேட்டிவ் கிரேடிங் என்றால் சக மாணவர்களின் மதிப்பெண்களோடு ஒப்பிட்டு கிரேடு தருவது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறைப்படி, பாஸ் ஆனவர்களின் மதிப்பெண்கள் மட்டுமே ரிலேட்டிவ் கிரேடிங்குக்குப் போகும். அதுவும் பாடத்தில் 30 மாணவர்களுக்கு மேல் இருந்தால்தான். அடுத்தவர் மதிப்பெண் உங்கள் கிரேடை மாற்றலாம், பாஸைப் பறிக்காது. பயந்துபோய் நண்பனுக்கு நோட்ஸ் தர மறுக்கும் பிள்ளைகளை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

சரி, பாஸ் எப்படி முடிவாகிறது? தியரி பாடத்தில் இன்டர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60. மொத்தத்தில் 50 வேண்டும். ஆனால் பலர் கவனிக்காதது இது: தேர்வில் மட்டும் தனியாக 45 சதவீதம் எடுத்தாக வேண்டும். இன்டர்னலில் முழு 40 இருந்து, தேர்வில் நூற்றுக்கு 20 எடுத்தால் அது அறுபதுக்கு 12 ஆகி மொத்தம் 52 வரும். இருந்தும் அரியர்தான்.

லேப் பாடத்தில் கணக்கு தலைகீழ்: இன்டர்னல் 60, தேர்வு 40. இங்கே இன்டர்னலுக்குத்தான் எடை அதிகம், அதனால் லேப் ரெக்கார்டைத் தள்ளிப்போடாதீர்கள்.